வேதமாணிக்கம் வீட்டு மூக்கு

என் நாத்தனார் தேவப்பிரியத்தின் மூக்கைப் பற்றிப் பேசாதவர்கள் தண்டையார்பேட்டையில் கிடையாது. பேசினவர்களில் பாதிப் பேருக்கு முகத்தில் பார்க்கும்படி ஒன்றுமே இல்லை. இதைச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

மூக்கு பெரியதுதான். நான் மறைக்கப் போவதில்லை. புருவங்களுக்கு நடுவில் புறப்பட்டு, பாதி வழியில் ஒரு மேடு கட்டி, அங்கிருந்து வளைந்து கீழே இறங்கும். நேரே பார்த்தால் அவ்வளவு தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் அந்த முகத்தில் முதலில் வந்து நிற்பது அதுதான். ஆனால் இது அவள் ஒருத்திக்கு வாய்த்த மூக்கு இல்லை. என் மாமனார் வேதமாணிக்கத்துக்கு இதே மூக்கு. அவருடைய தங்கை ஜெயக்கொடி அத்தைக்கு இதே மூக்கு. என் வீட்டுக்காரருக்கும் இதே மூக்குதான். அவர் அதைச் சுமந்துகொண்டுதான் ராயபுரத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார். மாப்பிள்ளைக்கு என்ன கம்பீரம் என்று எங்கள் வீட்டார் காப்பி கொடுத்தார்கள். ஒருவரும் அவரைப் போய்ச் செதுக்கிக்கொண்டு வரச் சொல்லவில்லை.

அவர்கள் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர்கள். மாமனார் இளவயதிலேயே பட்டணம் வந்து, திருவொற்றியூர் ஹைரோட்டில் கருப்பட்டி மண்டி வைத்தார். கீழே மண்டி, மேலே வீடு. கருப்பட்டியின் புளித்த வாடை, ஓலைப் பெட்டியின் வாடை, துறைமுகத்துக் கரிப்புகை, காசிமேட்டிலிருந்து காற்று திரும்பினால் கருவாடு. அந்த வீட்டில் மூக்கு என்று ஒன்று இருப்பதே தண்டனை. பெரிய மூக்கென்றால் பெரிய தண்டனை என்று நானே கேலி செய்திருக்கிறேன். தேவப்பிரியமும் சிரிப்பாள். வீட்டுக்குள் பேசும் கேலி அது.

அவளுக்கு ஏழு வயதில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, குடும்பத்தோடு ஊருக்குப் போய்ச் சில மாதம் இருந்தார்கள். அங்கே சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லாருக்கும் அதே மூக்கு. "அங்க இருந்தப்ப எனக்கு மூக்கு இருக்குதுன்னே தெரியாது மதினி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். திரும்பி வந்து இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. கிளி என்று பெயர் வைத்தார்கள். படித்து, பயிற்சி முடித்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சரான பிறகும் கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கிளி காத்துக்கொண்டிருக்கும். அழித்துவிட்டுக் கணக்கு எழுதுவாள். எங்கள் வேதக்கோயில் பாட்டுக் குழுவில் நல்ல குரல் அவளுடையது. ஆனால் எப்போதும் சுவரோரம், ஜனங்களுக்கு நேர்முகம் மட்டும் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்பாள். குழுவோடு போட்டோ எடுக்கும் நாளில் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

அவளுடைய அம்மா நான் வருவதற்கு முன்பே போய்விட்டாள். அதனால் இருபத்தொரு வயதில் கலியாணப் பேச்சு எழுந்தபோது, பெண்பிள்ளை தரப்பில் வாய் திறக்க நான்தான் இருந்தேன்.

மாப்பிள்ளை வெளியில் தேட வேண்டியதில்லை. ஜெயக்கொடி அத்தையின் மகன் வெள்ளத்துரை இருந்தான். அத்தை மகன், உரிமைக்காரன். பி.ஏ. படித்து, துறைமுக ஆபீசில் குமாஸ்தா. மடிப்புக் கலையாத பேன்ட், பாக்கெட்டில் சீப்பு. அப்பா வழியில் அவனுக்குச் சின்ன மூக்கு வாய்த்திருந்தது, அதில் அவனுக்கு இருந்த பெருமை துறைமுகமே அவனுடையதாக இருந்தாலும் இருக்காது. சின்ன வயதிலிருந்து அவனுக்குத்தான் என்று சொல்லிச் சொல்லியே இவளை வளர்த்திருந்தார்கள். இவளுக்கும் அவன்மேல் ஆசை இருந்தது. அவன் வந்தால் சேலையை மாற்றிக்கொண்டு வருவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இந்த முறை மாப்பிள்ளை என்பதில் ஒரு கேடு உண்டு. வெளியாள் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், சரி, வேறு ஆள் வருவான். உரிமைக்காரனே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதோடு தீர்ந்தது. சொந்த அத்தை வீட்டுக்கே வேண்டாதவள், என்ன கோளாறோ என்று சாத்தான்குளம் வரைக்கும் பேச்சுப் போய்விடும். அதன் பிறகு ஒருத்தன் வர மாட்டான். இது எல்லாருக்கும் தெரியும். ஜெயக்கொடி அத்தைக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் வந்தாள்.

வெற்றிலை பாக்கு வைத்து, பலகாரம் தின்று முடித்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள்: "அண்ணே, எனக்குப் பிள்ளைய ரொம்பப் பிடிக்கும். வெள்ளத்துரைக்குத்தான் அந்த மூக்கு ஒரு குறையாத் தெரியுது. இப்பம் அதுக்கும் வைத்தியம் இருக்காம்லா. சண்டையில குண்டு பட்ட பட்டாளத்துக்காரங்களுக்கு மூஞ்சிய ஒட்டிக் குடுத்த டாக்டர் ஒருத்தர் சேத்துப்பட்டுல இருக்காராம். அதை மட்டும் சரி பண்ணிருங்க. வேற ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம்."

வேறு ஒன்றும் வேண்டாமாம். என்ன பெருந்தன்மை.  எனக்குக் கோபம் வந்தால் வாயில் ராயபுரம் வந்துவிடும், மாமனார் எதிரில் எவ்வளவோ அடக்கியும் வந்துவிட்டது.

"இன்னா அத்தை சொல்றீங்க? உங்களுக்கும் அதே மூக்குதானே கீது?" என்றேன்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்துச் சொன்னாள். "அதனாலதான் அண்ணே சொல்லுதேன். நான் பட்டது போதும்."

அவள் பட்டது எங்களுக்குத் தெரியும். அவள் புருஷன் சாகிற வரைக்கும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ கிளிமூக்கி" என்பார், விருந்தாளி முன்னாலும். எல்லாரும் சிரிப்பார்கள். அப்படி இருபது வருஷம் சிரிப்பைச் சாப்பிட்டவள், அதே இலையை இந்தப் பெண்ணுக்கும் போட வந்திருக்கிறாள். இரக்கப்படலாம்தான். எனக்கு அன்றைக்கு இரக்கம் வரவில்லை.

மாமனாராவது இரண்டு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். தன் மூக்கைத் தடவிக்கொண்டே, "ஆம்பிளைக்குன்னா சரி. பொம்பளப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல்தான்" என்றார். ஒரே அச்சில் வார்த்தது, ஆணுக்குக் கம்பீரம், பெண்ணுக்குக் குறை. என் வீட்டுக்காரரோ, மண்டியில் ஆள் கூப்பிடுவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

கடைசி நம்பிக்கை தேவப்பிரியம்தான். அன்று சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். முடியாதுன்னு சொல்லிடு, நான் இருக்கேன் என்றேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு மதினி. ஒரு நாளாவது பக்கவாட்டுல போட்டோ எடுத்துக்கணும். பிள்ளைங்க போர்டுல எதையும் வரையாம இருக்கணும். ஒங்களுக்குத் தெரியாது, ஒங்களுக்குச் சப்பை மூக்கு."

 எனக்குச் சப்பை மூக்குதான். இன்னொருத்தன் கேட்கிறான் என்பதற்காக மட்டும் அவள் சம்மதித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவளுக்கே வேண்டும் என்னும்போது நான் யார் தடுக்க? ஆனாலும் அந்த ஆசையை அவளுக்குள் விதைத்தவர்களை நினைத்தால் காறித் துப்பத் தோன்றியது.

பேச்சு முடிவாயிற்று. எங்கள் கோயில்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் ஜனங்களைக் கேட்பார். மூன்றாவது ஓலை வாசித்த மறுநாள், திங்கட்கிழமை, ஆபரேஷன். வீக்கம் வடிந்து முகம் தெளிந்த பிறகு கலியாணம். கலியாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இவள் முகத்துக்கும் நாள் குறித்துவிட்டார்கள்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. அதற்குள் செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. காசிமேட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வரும் மங்கை, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "இன்னாம்மே, டீச்சரம்மா மூக்கைச் சீவப் போறாங்களாமே? மெய்யாலுமா? மீனா இன்னா அது, வாங்கறவன் கேக்கறான்னு சீவிக் குடுக்கறதுக்கு?"

"உன் வேலையைப் பாரு மங்கை" என்றேன். அவள் கேட்டது சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

இரண்டாவது ஓலைக்குப் பிறகு, புதன்கிழமை, டாக்டரிடம் போனோம். தேவப்பிரியம், நான், அத்தை, அரை நாள் லீவு போட்டுவிட்டு வெள்ளத்துரை. பாரிமுனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். பஸ்ஸில் வெள்ளத்துரை எங்களுக்கு நான்கு இருக்கை முன்னால் தனியாக உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் கருணாகரன் நிதானமான மனிதர். தேவப்பிரியத்தை வெளிச்சத்தில் உட்கார வைத்து மூக்கை இப்படியும் அப்படியும் தொட்டுப் பார்த்தார். மூச்சு விடுவதில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு என்ன செய்வார் என்பதை மறைக்காமல் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டு, மூக்குக்குள் வழியாக உளியை விட்டு, சின்னச் சுத்தியால் தட்டி அந்த மேட்டு எலும்பை எடுப்பார். வலி மரத்திருக்கும், ஆனால் தட்டுகிற சத்தம் தலைக்குள் கேட்கும். ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், துப்ப வேண்டும். மூக்கு நிறையத் துணித் திரியை அடைத்து வைப்பார்கள். கண்ணைச் சுற்றிக் கருநீலமாகக் கன்றிப்போகும். அந்தத் திரியை உருவுகிற அன்றைக்குத்தான் சிலர் மயக்கம் போடுவார்கள்.

 நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உனக்கு இது வேணுமாம்மா?" என்று டாக்டர் தேவப்பிரியத்தைக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "வேணும் ஐயா" என்றாள்.

அப்போது வெள்ளத்துரை பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தான். சினிமாப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு நடிகையின் முகம். "இந்த மாதிரி வந்தாப் போதும் சார். நுனியில லேசா மேல தூக்கினாப்பல" என்றான். பேன்ட் தைக்கக் கொடுப்பவன் அளவு சொல்வது போலச் சொன்னான்.

"இது தையல் கடை இல்லை தம்பி. அந்த அம்மா முகத்துக்கு எது பொருந்துமோ அதுதான் வரும்" என்றார் டாக்டர். வெள்ளத்துரை முகம் சுளித்துக்கொண்டு படத்தை மடித்தான்.

புறப்பட எழுந்தோம். ஜெயக்கொடி அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டாள். "ஐயா, அம்பது வயசுக்காரிக்கு இதச் செய்யலாமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "உடம்பு நல்லா இருந்தா செய்யலாம் அம்மா. யாருக்கு?" என்றார்.

வெள்ளத்துரைதான் சிரித்தான். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தான். "யம்மா, ஒன் மூஞ்சிய இனிமே யாரு பாக்கப் போறா?"

அத்தையும் அவனோடு சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு அறை கொடுத்திருந்தாலோ, அழுதிருந்தாலோ எனக்கு ஆறியிருக்கும். அவள் அவன் சிரிப்பு முடிகிற வரைக்கும் கூடவே சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அந்த அறையில் அவனைப் பார்க்கவும் எனக்கு அருவருப்பாக இருந்தது, அவளைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது. தேவப்பிரியம் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அத்தை தண்ணீர் குடிக்கப் போனாள். தேவப்பிரியம் வெள்ளத்துரையிடம் கேட்டாள். "அத்தான், அத்தை மூக்கு ஒங்களுக்குப் பிடிக்காதா?"

அவனுக்கு அந்தக் கேள்வியில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சாதாரணமாகச் சொன்னான். "சின்னதுல அம்மா ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்தா பசங்க சிரிப்பானுங்க. தெரு முனையிலேயே நிக்கச் சொல்லிட்டு நான் தனியாப் போவேன். இப்பவும் ஆபீஸ் பக்கம் வராதேன்னு சொல்லி வச்சிருக்கேன். பழகிடுச்சு அவங்களுக்கு."

"வீட்டுல?"

"வீட்டுல என்ன? சோத்தப் போட்டுட்டு உள்ள போயிடுவாங்க. நான் பேப்பர் படிச்சுக்கிட்டே சாப்பிடுவேன்."

 அத்தை வந்தாள், பஸ் வந்தது, ஏறினோம்.

அந்த மூன்று நாளும் தேவப்பிரியம் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிட்டாள்.  சனிக்கிழமை, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "மதினி, மூக்க மாத்திடலாம். அதுக்கப்புறம் எனக்கு நரை வரும், பல்லு விழும். அதுக்கெல்லாம் எங்க போறது?" என்றாள். அப்படியானால் வேண்டாமா என்று கேட்டேன். துணிப்பையைக் கட்டி மூலையில் வைத்தாள். மூக்கு போனால் அவளுக்குப் புருஷன் உண்டு, மூக்கு இருந்தால் புருஷன் இல்லை, இனி வருவானா என்பதும் சந்தேகம்.  விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவள் பாட்டுக் குழுவில் சுவரோரம் நின்றாள். பிரசங்கம் முடிந்து பாதிரியார் ஓலையை எடுத்தார். வெள்ளத்துரைக்கும் தேவப்பிரியத்துக்கும் மூன்றாம் முறையாக, கடைசி முறையாக வாசிக்கிறேன், இவர்கள் மணம் செய்ய ஏதாவது தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்றார். வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். அந்த இடத்தில் யாரும் எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஜனங்கள் இருமிக்கொள்கிற நேரம் அது.

தேவப்பிரியம் சுவரோரத்திலிருந்து நகர்ந்து நடுவில் வந்து நின்றாள். "தடை இருக்குது ஐயா" என்றாள்.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். மணப்பெண்ணே தடை சொன்னால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். "என்ன தடை அம்மா?" என்றார்.

"அவருக்கு என் மூக்கு பிடிக்கல. நாளைக்கு எலும்ப ஒடச்சு எடுக்கிறதா ஏற்பாடு. நானும் சரின்னுதான் சொன்னேன். இப்ப மாட்டேன்."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கர்த்தருடைய சந்நிதியில் இந்தச் சிரிப்பு. மாமனார் எழுந்து, "ஏட்டி, உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை.

"வெறும் மூக்கா அம்மா தடை?" என்றார் பாதிரியார், மெதுவாக.

"இல்ல ஐயா. பெத்த தாய் முகத்தப் பாத்துச் சோறு திங்காதவரு இவரு. எனக்கு எந்த மூக்கு வச்சாலும் எத்தன நாளைக்குப் பாப்பாரு?"

சிரிப்பு நின்றது. வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனான். பாதிரியார் ஓலையை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, பாட்டின் எண்ணைச் சொன்னார். வேறு என்ன செய்வார் பாவம். பாட்டுக் குழு பாடியது. அவளும் பாடினாள், நடுவில் நின்றபடியே.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். மாமனார் யாரோடும் பேசாமல் முன்னால் நடந்தார். ஜெயக்கொடி அத்தை மகனைத் தேடிப் போவாள், போகட்டும் என்று நினைத்தேன். அவள் எங்கள் பின்னாலேயே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டு மாடி ஏறி, கை கால் கழுவி, கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். மகனைக் கோயிலில் சந்தி சிரிக்க வைத்துவிட்டாளே என்று சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு தயாராக இருந்தேன்.

அத்தை சண்டை போடவில்லை. இலை போட்டேன். தேவப்பிரியம் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு முகமும் எதிரெதிரே, இரண்டிலும் அதே மூக்கு. எனக்கு அத்தைமேல் இருந்த வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. இவள் கேட்டதால்தானே எல்லாம். ஆனாலும் வந்தவளுக்குச் சோறு போடாமல் முடியுமா?

பாதிச் சாப்பாட்டில் அத்தை தலையை நிமிர்த்தி தேவப்பிரியத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சிருக்குமோ பிள்ளே?" என்றாள்.

"வலிக்கும்னுதான் டாக்டர் சொன்னாரு அத்தை."

அத்தை சோற்றைப் பிசைந்தாள். "வலிச்சாலும் சரி, எனக்குப் பண்ணிக்கணும்னு இருந்திச்சு. ஒரு நாள் அவன் ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு வந்திரலாமேன்னு பாத்தேன்."

  நான் அத்தைக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.